சீசன் இல்லாத ஊரில் ஒரு ரசிகன்

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு எக்செல் ஷீட் கண்ணில் பட்டது. பெயர் ‘சென்னை சிட்டி 18-19’. மொத்தம் 20 வரிகள். தேதி, எதிரணி, கோல், அதுவரை சேர்ந்த புள்ளி. முதல் வரி 2018 அக்டோபர் 26, இந்தியன் ஏரோஸ், 4-1. கடைசி வரி 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாப், 3-1. கடைசி செல்லில் 43 என்கிற எண்ணுக்கு மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன். சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் கோப்பையை ஜெயித்த சீசன் அது.

நாகர்கோவில்காரன் நான். சென்னை என்று பேர் வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஆடின ஒரு டீமுக்கு வரி வரியாகக் கணக்கு எழுதியிருக்கிறேன். இதை அப்போதே ஒருத்தன் கேட்டான். சின்னத்துறைக்காரன், இன்ஜினியரிங் ஹாஸ்டலில் என் ரூம்மேட். திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிற ரயிலில் நான் நாகர்கோவிலில் ஏறுவேன், அவன் குழித்துறையில் ஏறுவான். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “லேய் மக்கா, சூசைதான் போயாச்சே. பொறவு எதுக்குடே அந்த டீமுக்குக் கணக்கு எழுதுத?” என்றான்.

சூசை என்றால் மைக்கேல் சூசைராஜ். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைப் பையன். 2017-18 சீசனில் சென்னை சிட்டிக்கு ஆடி ஐ-லீகின் சிறந்த நடுக்கள வீரர் என்று பெயர் வாங்கினார். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் அதே டீமுக்கு ஆடியவர். அடுத்த சீசனில் சூசைராஜ் ஐஎஸ்எல்லுக்கு, ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். என் நண்பனும் அவர் பின்னாலேயே போய்விட்டான். ஜாம்ஷெட்பூர் எங்கே இருக்கிறது என்று அவன் மேப்பில் பார்த்ததே அந்த ஆண்டுதான்.

ஆக, ஒரே ரயில் பெட்டியில் ரெண்டு வகை ரசிகர்கள். நான் டீமைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஆளைப் பிடித்துக்கொண்டான். இதில் யார் செய்தது சரி என்று அடுத்த ரெண்டு மூணு வருஷம் சண்டை போட்டோம். இப்போது அந்த ஷீட்டைப் பார்க்கும்போது ரெண்டு பேருமே தோற்றுப்போனோம் என்று தோன்றுகிறது. அது ஏன் என்று யோசித்ததில் எழுதினதுதான் இது.

முதலில் என் கட்சி. 2018-19 ஐ-லீகில் 11 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற பத்து அணிகளோடு ரெண்டு முறை மோத வேண்டும், ஆளுக்கு 20 ஆட்டம், மொத்தம் 110. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ என்று ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்கள். மான்சி முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக். சீசன் முடியும்போது 21 கோல். கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று தமிழ்நாட்டுப் பெயர்கள். சீசனின் நடுவில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. நமக்கு இதெல்லாம் கனவு மாதிரி இருந்தது.

கடைசி நாள் வந்தபோது சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் சென்னை சிட்டியும் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஒரே நேரத்தில் ஆடின. வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியைப் பிடித்துப் போயிருந்தேன். மூணாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. கேலரியில் பாதிப் பேர் மைதானத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழிக்கோட்டில் என்ன ஸ்கோர்? இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா என்கிற அசாம்காரர் ரெண்டு கோல் போட்டார், ரெண்டாவது கூடுதல் நேரத்தில். அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கியிருந்து மீண்டு 2-1 என்று கோகுலத்தை ஜெயித்தது. அது போதவில்லை. 43-க்கு 42.

அந்த ரெண்டு மணி நேரத்தின் சுகத்தை எப்படிச் சொல்ல? ஒரு ஃபைனல் பார்த்த சந்தோஷம் இல்லை அது. அக்டோபரில் நான் எழுதி வைத்த 3 புள்ளி மார்ச்சில் வந்து வேலை செய்தது. நடுவில் எங்கேயாவது ஒரு ஆட்டம் டிரா ஆகியிருந்தால் கோப்பை கொல்கத்தா போயிருக்கும். சீசன் என்றால் இதுதான். மறந்துபோன ஒரு சாதாரண ஆட்டம் திரும்பி வந்து கணக்குக் கேட்கும்.

இந்தச் சுகம் நம் கடற்கரையில் கிடைக்காது. இவ்வளவு கால்பந்து ஆடுகிற கடற்கரையில் கிடைக்காது என்பதுதான் எனக்கு விநோதம்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சிறு விளக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆழ்கடல் மீன்பிடிப்பில், அதிலும் சுறா பிடிப்பதில் பேர் போன ஊர்கள். தூண்டிலுக்கு அடுத்தபடியாக இங்கே பேர் போனது பந்துதான். நாஞ்சில்நாடு என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயல் காய்ந்தால் கிரிக்கெட் ஸ்டம்பு நடுவார்கள். (நானும் அந்தக் கூட்டம்தான். பந்தைக் காலால் தொடக் கற்றுக்கொண்டது ஹாஸ்டலில்.) மேற்கே போகப் போக ஸ்டம்பு குறைந்து கோல் போஸ்ட் கூடும். தமிழ்நாட்டு சந்தோஷ் கோப்பை அணியில் இந்தப் பகுதிப் பெயர் எதுவும் இல்லாத வருஷம் அபூர்வம். நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். அதுவும் மீனவர் ஊர், அதே மணல், அதே பேச்சு. அது கேரள சந்தோஷ் கோப்பை அணிக்கு ஆள் கொடுக்கிறது. 1956 நவம்பர் 1-ல் போட்ட கோடு ஒரே கடற்கரையின் ஆட்டக்காரர்களை ரெண்டு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி எழுதும்போது பத்திரிகைக்காரர்கள் தவறாமல் ஒரு பட்டம் கொடுப்பார்கள்: குட்டி பிரேசில். வியாசர்பாடிக்கும் அதே பட்டம். வெறுங்காலில் பையன்கள் மணலில் ஆடுகிற ஒரு போட்டோ, முடிந்தது கட்டுரை. பிரேசில் என்றால் ஏழைப் பையன், வெறுங்கால், மணல் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? சாவோ பாலோவில் 1902-லேயே லீக் ஆட்டம் தொடங்கிவிட்டது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் லீக் உண்டு. பிரேசிலைப் பிரேசில் ஆக்கினதில் மணலுக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் அட்டவணைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. போட்டோவில் அட்டவணை விழாது.

நம் கடற்கரையில் ஊர் திரண்டு வந்து பார்ப்பது நாக்-அவுட் டோர்னமென்டை. ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம் நண்பன் கூப்பிட்டு ஒன்றுக்குப் போயிருந்தேன். கோயிலை ஒட்டிய கிரவுண்டு, ஃபிளட்லைட், மைக்கில் ஒரு அண்ணாச்சி மூச்சு விடாமல் கமென்ட்ரி. 16 டீம். பக்கத்து ஊர் டீம் ஒன்று புத்தம் புது ஜெர்சியில் வந்திருந்தது, முதுகில் ஒரு விசைப்படகின் பெயர். படகு உரிமையாளர் செலவு. 35 நிமிஷம் வீதம் ரெண்டு பாதி ஆடினார்கள், பிரமாதமாக ஆடினார்கள், கோல் இல்லை. பெனால்டியில் தோற்றார்கள். ஒரு பையன் போஸ்டில் அடித்துவிட்டான். அவ்வளவுதான். அந்த ஜெர்சியை மடித்து வைத்துவிட வேண்டியதுதான். அந்த டீமின் சீசன் 70 நிமிஷமும் ஒரு போஸ்டும்.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கலாம், தொழில் புத்தி போகாது இல்லையா. 16 டீம் நாக்-அவுட்டில் மொத்தம் 15 ஆட்டம். எட்டு டீம் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகும். இருப்பதில் நல்ல டீம் ஒன்று எந்த எதிரணியையும் நூற்றுக்கு 60 முறை ஜெயிக்கும் என்று வைத்துக்கொண்டால்கூட, நாலு ஆட்டத்தைத் தொடர்ந்து ஜெயித்துக் கோப்பை வாங்க அதற்கு இருக்கிற வாய்ப்பு 13 சதவீதம்தான். அதாவது ஏழெட்டுக் கோப்பைக்கு ஒன்று. மற்றபடி போஸ்ட், மழை, ரெஃப்ரி. நல்ல டீம் எது என்று நாக்-அவுட் சொல்லாது. அன்றைக்கு எது விழவில்லை என்று சொல்லும். நல்ல ஆட்டக்காரன் யார் என்றும் சொல்லாது. போஸ்டில் அடித்த அந்தப் பையன் ஒரு லீகில் இருந்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பெனால்டி அடித்திருப்பான்.

இது நமக்கு மட்டும் தோன்றின ஞானம் இல்லை. இங்கிலாந்தில் எஃப்ஏ கோப்பை 1871-72-ல் வந்தது, அதுவும் நாக்-அவுட். முதல் சுற்றில் தோற்ற கிளப்புகள் சம்பளம் கொடுக்கவேண்டிய ஆட்களை வைத்துக்கொண்டு, வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல்போகிற எதிரணிகளோடு நட்பு ஆட்டம் ஆடித் திண்டாடின. ஆஸ்டன் வில்லா கிளப்பின் வில்லியம் மெக்கிரெகர் 1888-ல் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். தேதி குறித்து, ஊர் குறித்து, ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ரெண்டு முறை ஆடுவோம் என்றார். அந்த செப்டம்பரில் 12 கிளப்போடு ஃபுட்பால் லீக் தொடங்கியது. அதே 1888-ல் இங்கே சிம்லாவில் பிரிட்டிஷ் பட்டாளம் டியூராண்ட் கோப்பையைத் தொடங்கியது. அது நாக்-அவுட். லீக்கை அவர்கள் ஊரில் வைத்துக்கொண்டு நாக்-அவுட்டை நமக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னால் வரலாற்றாசிரியர்கள் அடிக்க வருவார்கள், ஆனாலும் அந்தத் தேதிப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. கொல்கத்தா மட்டும் விழித்துக்கொண்டது, 1898-லேயே லீக் வைத்துக்கொண்டது. ஒரு மோகன் பகான்காரர் தன் தாத்தா காலத்து ஆட்டத்தைப் பற்றி நேற்று நடந்த மாதிரி பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்னையிலும் லீக் உண்டு. ஆனால் அதில் ரொம்ப காலம் கோலோச்சியவை ஆபீஸ் டீம்கள். பேங்க், ரயில்வே, வருமான வரி, கஸ்டம்ஸ். கடற்கரைப் பையனுக்கு அவை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த வேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எத்தனையோ குடும்பங்கள் கரையேறின. ஆனால் ஒரு பேங்குக்கு யார் ரசிகனாக இருப்பது? கேலரியில் இருந்து கத்துவதற்கு அந்தப் பெயரில் என்ன இருக்கிறது?

நாக்-அவுட் புத்தி மைதானத்தோடு நிற்கவில்லை. நம் சினிமாவைப் பாருங்கள். 2019 தீபாவளிக்கு ‘பிகில்’ வந்தது. வடசென்னை, கால்பந்து, பெண்கள் அணி என்று எடுத்துக்கொண்ட விஷயமெல்லாம் சரியானது. நானும் முதல் வாரமே பார்த்தேன், விசிலும் அடித்தேன், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தப் படம் முழுக்க ஓடுவது ஒரு ஃபைனலை நோக்கி. ஜெயித்தால் வாழ்க்கை, தோற்றால் ஒன்றுமில்லை. தமிழில் விளையாட்டுப் படம் எடுத்தால் அப்படித்தான் எடுப்போம். பயிற்சியை ஒரு பாட்டில் முடிப்போம், லீக் ஆட்டங்களை மாண்டேஜில் தள்ளுவோம், கடைசி நிமிஷத்துக்கு ஸ்லோமோஷன் போடுவோம். பாதி சீசன், பட்டியலில் ஆறாவது இடம், மழையில் ஒரு 0-0 என்பதெல்லாம் கதையே இல்லை நமக்கு. அதே 2019-ல், மே மாதம், லூதியானாவில் மதுரையின் சேது எஃப்சி பெண்கள் அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது. மார்ச்சில் சென்னை சிட்டி, மே மாதம் சேது. ஒரே ஆண்டில் ரெண்டு தேசிய லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு. அக்டோபரில் ‘பிகில்’ பார்க்க வந்த கூட்டத்தில் நூற்றில் எத்தனை பேருக்கு சேது எஃப்சியின் பெயர் தெரிந்திருக்கும்? என் வீட்டில் எனக்கு மட்டும்தான்.

இதற்கு நேர் எதிராக மலையாளத்தில் ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ 2018-ல் வந்தது. மலப்புரத்து செவன்ஸ் டீம், அதன் மேனேஜர் மஜீத், நைஜீரியாவிலிருந்து வந்த சாமுவேல். சாமுவேல் அடிபட்டுப் படுக்கையில் விழுந்ததும் ஆட்டம் பின்னால் போய்விடுகிறது. மிச்சப் படம் மஜீதின் வீடு, அம்மா, பாஸ்போர்ட், கடன். ஃபைனல் ஜெயித்தார்களா என்பது முக்கியமே இல்லை. எனக்கு ஒரே ஒரு குறை, அம்மாக்கள் ரெண்டு பேரும் அளவுக்கு மீறி நல்லவர்கள். ஆனால் டீம் நடத்துவது என்றால் என்ன, ஆள் விழுந்துவிட்டால் யார் சோறு போடுவது என்கிற கேள்வி அதில் இருக்கிறது. செவன்ஸுக்கு என்று அங்கே ஒரு பருவம் இருக்கிறது, அதனால் அந்தக் கதை அவர்களுக்குக் கிடைத்தது. நமக்கு ஒரு ராத்திரிதான் இருக்கிறது, அதனால் நமக்கு ஸ்லோமோஷன் கிடைத்தது.

நண்பனிடம் இதைச் சொன்னபோது, “சினிமாவ வுடு, சூசை மேட்சு இன்னிக்கு எத்தன மணிக்கு?” என்றான்.

அவன் கட்சியையும் சொல்லவேண்டும். டீம் என்று ஒன்று ஊரில் இல்லாதபோது ஆளைப் பின்தொடர்வதுதான் நேர்மை என்பது அவன் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. 2017 நவம்பர் 25-ல் அந்த ஆண்டு ஐ-லீக் தொடங்கியது. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 30, ஒக்கி. அந்த எட்டு ஊரிலிருந்தும் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் சின்னத்துறையில் யாரும் லீக் பட்டியல் பார்க்கவில்லை. ஆனால் சில மாதம் கழித்து, சென்னை சிட்டி பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்த அதே சீசனில், ‘சிறந்த நடுக்கள வீரர்’ என்று டிவியில் தன் கடற்கரைப் பையனின் பெயரைக் கேட்டபோது வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம் என்று அவன் சொன்னான். அதற்கு எதிராக என் 43 புள்ளியை எப்படி வைப்பது?

ஆனால் ஆளைத் தொடர்வதிலும் சிக்கல் இருக்கிறது. ஜாம்ஷெட்பூருக்குப் பிறகு சூசைராஜ் 2019-ல் கொல்கத்தாவின் ஏடிகே-க்குப் போனார். அந்த சீசன் ஐஎஸ்எல் ஃபைனல் 2020 மார்ச் 14, கோவாவில், கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியம். ஏடிகே-க்கு எதிரணி யார்? சென்னையின் எஃப்சி! தமிழ்நாட்டு டீம் ஒரு பக்கம், நம்ம ஊர்ப் பையன் மறுபக்கம். ஏடிகே 3-1 என்று ஜெயித்தது. நண்பனுக்குக் கொண்டாட்டம். நான் அன்றைக்கு யாருக்குக் கை தட்டினேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அடுத்த சீசன் 2020 நவம்பர் 20-ல் தொடங்கியது, ஏடிகே மோகன் பகானுக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும். முதல் ஆட்டம், ஆரம்பத்திலேயே சூசைராஜ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நண்பனின் சீசன் அங்கேயே முடிந்தது. டீமைப் பின்தொடர்கிறவனுக்கு ஒருத்தன் விழுந்தால் இன்னொருத்தன் இறங்குவான். ஆளைப் பின்தொடர்கிறவனுக்கு மாற்று ஆட்டக்காரன் கிடையாது.

அதற்காக நான் ஜெயித்தேன் என்று நினைக்கவேண்டாம். என் டீமுக்கு என்ன ஆச்சு பாத்துக்கிடுங்க. ஐ-லீகை ஜெயித்தவனுக்கு ஐஎஸ்எல்லுக்குப் போக அப்போது படியே கிடையாது. ஐஎஸ்எல்லில் சேர பணம் வேண்டும், புள்ளி போதாது. 2019-ல் ஐஎஸ்எல்தான் முதல் தட்டு என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஆக, சாம்பியன் ஆன சில மாதத்தில் சாம்பியன் பட்டமே ரெண்டாந்தரம் ஆனது. ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபாவோடு ஒரு ஆட்டம், 0-1. மறுபடியும் நாக்-அவுட்! அந்த ஆண்டு லீக் கொரோனாவால் பாதியில் நின்றது. அடுத்தது கொல்கத்தாவில் பூட்டி வைத்து ஆடின சீசன். அதற்கு அடுத்து, 2021-22 பட்டியலில் சென்னை சிட்டி என்கிற பெயரே இல்லை. பட்டம் வென்று மூணாவது வருஷம் டீம் காணோம்.

இதில் என்னைக் கடுப்பேற்றுகிற விஷயம் ஒன்று. ஐ-லீக் ஜெயித்தால் மேலே ஏறலாம் என்று 2022-23-ல் கதவைத் திறந்தார்கள். முதன்முதலாக அதில் ஏறினது யார் தெரியுமா? ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். அது வேறு யாருமில்லை. அன்றைக்கு கோவையில் நாங்கள் 3-1 என்று ஜெயித்தோமே, அந்த மினர்வா பஞ்சாப்தான் கைமாறிப் பேர்மாறி வந்தது. நாலு வருஷம் உயிரோடு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னை சிட்டி ஏன் போனது என்று கேட்டால் பணம், நிர்வாகம், லைசென்ஸ் என்று பலதும் சொல்வார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். அது போனபோது கோயம்புத்தூரிலும் சென்னையிலும் யாரும் தெருவில் இறங்கவில்லை. இறங்கியிருக்க வேண்டியது என்னைப் போன்ற ஆட்கள்தான். ஷீட் வைத்திருந்தவன் நானே 2020-க்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. எங்களுக்கு அது ஒரு நல்ல வருஷம், ஒரு நீளமான ஃபைனல். நாங்களும் நாக்-அவுட் ரசிகர்கள்தான் என்று அப்போது தெரியவில்லை. நிக் ஹார்ன்பியின் ‘ஃபீவர் பிட்ச்’ புத்தகத்தில் அத்தியாயத் தலைப்புகளோடு ஒரு ஆட்டமும் தேதியும் இருக்கும், அதில் ஆர்சனல் மோசமாக ஆடின வருஷங்களும் உண்டு. முதல் முறை படித்தபோது இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தேன். இப்போது பொறாமையாக இருக்கிறது. மோசமான வருஷத்தைச் சேர்த்து எழுத அவருக்கு ஒரு டீம் இருந்தது.

போன மாதம் ஒரு புது ஷீட் போட்டேன். எட்டு ஊர், எட்டு டீம். ஒவ்வொருத்தரும் மற்றவர்களோடு ஒரு முறை ஆடினால் 28 ஆட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு ஆட்டம் என்றால் ஏழு ஞாயிறு. இதே எட்டு டீம் நாக்-அவுட் ஆடினால் வெறும் ஏழு ஆட்டம், நாலு ஊர் முதல் நாளே அவுட். சரி, கடலுக்குப் போகிற பையன்களை ஏழு வாரம் எப்படிக் கரையில் நிறுத்துவது? தேடவே வேண்டாம், அரசாங்கமே நிறுத்துகிறது. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். கொச்சியிலிருந்து ஓடுகிற படகுகளுக்குக் கேரளத் தடை 52 நாள். ஏழு ஞாயிறு ரெண்டுக்குள்ளும் அடங்குகிறது. நுழைவுக் கட்டணம் வேண்டாம், கெஸ்ட் பிளேயர் வேண்டாம், வெளிநாட்டுப் பங்கு வேண்டாம். நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டி, ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் திருத்தி எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நான் வருகிறேன்.

ஷீட்டை நண்பனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“கணக்கெல்லாம் சரிதான் மக்கா. ஜூன்ல நீ இங்க வந்து பாத்திருக்கியா? மழையும் கடலும் சேந்து அடிக்கும். போன வருசம் நாங்க பந்து ஆடுன எடத்துல பாதி இப்பம் தண்ணியில கெடக்கு. மொதல்ல கிரவுண்டுக்கு எடம் சொல்லு.”

அவன் சொல்வது உண்மை. அந்தக் கரையைக் கடல் வருஷா வருஷம் தின்றுகொண்டிருக்கிறது. தூத்தூரில் செயின்ட் ஜூட்ஸ் கல்லூரி மைதானம் இருக்கிறது. 28 ஆட்டத்தையும் அந்த ஒரே இடத்தில் வைக்கமுடியுமா என்று பதில் அனுப்பியிருக்கிறேன். அப்படி வைத்தால் ஹோம் மேட்ச் என்பது தூத்தூருக்கு மட்டும்தான். மற்ற ஏழு ஊரும் அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று அவன்தான் கேட்டுச் சொல்லணும். ப்ளூ டிக் விழுந்திருக்கிறது.